உள்ளவாறும் உணர்ந்தவாறும்



கண்டதைக் கண்டவாறே தீட்டுவதுதான் ஓவியம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பாடசாலையிலும் அவ்வாறு வரையும் மாணவனே பாராட்டப் பெறுகிறான். இவ்வெண்ணத்திற்கு இலக்கணம் வகுத்தது இத்தாலிய மறுமலர்ச்சி. தொலைவிலுள்ளவை சிறுத்துத் தோன்றும் இயல்பைக் கணித நெறியாகக் கொண்டு, 1420களில் மசாச்சியோ தட்டையான சுவரிலே ஆழத்தைத் தோற்றுவித்தார். அந்நெறி ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கோலோச்சியது.

19ஆம் நூற்றாண்டில் புகைப்படக் கருவி தோன்றி, உள்ளவாறு காட்டும் பணியைத் தனதாக்கிக்கொண்டது. ஓவியர் வேறு வழி நாடினர். மொனே கணந்தோறும் மாறும் ஒளியைப் பற்றினார். 1907இல் பிக்காசோ தீட்டிய ஓவியமொன்று, ஒரு பொருளைப் பல கோணங்களில் ஒருங்கே காட்டும் கியூபிசத்துக்கு வழி திறந்தது.

அவ்வழி இலங்கைக்கும் வந்தது. 1943இல் கொழும்பில் அமைந்த '43 குழு'வைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற், கியூபிசத்தைக் கீழைநாட்டு ஓவிய மரபோடு இணைத்தார். அம்மரபின் சிகரம் நம் மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவிலேயே உள்ளது. அங்கு 5ஆம் நூற்றாண்டு ஓவியர், மறுமலர்ச்சியின் கணித நெறியை அறியாமலே, கோட்டாலும் வண்ணத்தாலும் மகளிரை உயிர்பெறச் செய்துள்ளனர்.

ஆதலால், புதுமை ஓவியத்தைப் புரியாத கிறுக்கல் என்று ஒதுக்கும் மாணவனுக்கு முதலில் சிகிரியாவைக் காட்டுவோம். உள்ளவாறு வரைவது ஓவியத்தின் ஒரு வழியே என்பதை அவன் அங்கே உணர்வான்.