டோயாமா ஜில்லாவின் ஸ்திரீகள்

ஜப்பானின் செல்வத்தைப் பற்றிப் பேசுவோர் டோக்கியோவையும் ஒஸாக்காவையும் புகழ்வதோடு நின்றுவிடுகின்றனர். நாமோ ஜப்பான் கடலோரத்திலுள்ள டோயாமா ஜில்லாவை நேயர்களுக்குக் காட்ட விரும்புகின்றோம். பின்னே பனிமலைகள், முன்னே ஆழ்ந்த வளைகுடா, இடையே நெல்வயல்கள். மீனும் அரிசியுமே அதன் பூர்விக ஜீவனம்.

மருந்து வியாபாரமும் அங்கே பழமையானது. வியாபாரி வீட்டில் மருந்துப் பெட்டியை வைத்துச் செல்வான். மறுமுறை வரும்போது செலவான மருந்துக்கு மட்டும் விலை பெறுவான். அன்னியனை நம்பிக் கடன் கொடுத்த நாடு அது.

அந்நாட்டிலேதான் 1918-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அரிசி விலை ஏறி ஏழைகளின் அடுப்பு அணைந்தது. புருஷர்கள் தூரக் கடல்களில் மீன்பிடிக்கச் சென்றிருந்தனர். ஊவோஸு துறையில் ஹொக்கைடோவுக்குப் போகும் கப்பலில் அரிசி ஏற்றக் கண்ட செம்படவப் பெண்கள் திரண்டு சென்று, ஏற்றலாகாதென்று தடுத்தனர். தம் கண்முன்னே மூட்டைகள் செல்ல, தம் குழந்தைகள் பசித்திருப்பதோ? சைபீரியாவுக்குச் சேனை அனுப்பும் செய்தியால் வர்த்தகர் அரிசியைப் பதுக்க, கிளர்ச்சி தேசமெங்கும் பரவிற்று. ராஜாங்கம் சேனையை ஏவி அடக்கியது. எனினும் செப்டம்பரில் தெராவுச்சி மந்திரிசபை வீழ்ந்தது. இதற்குச் சரித்திரக்காரர் இட்ட பெயர் அரிசிக் கலகம். பசித்தவள் கேட்டால் கலகம், பதுக்கியவன் விற்றால் வர்த்தகம்! அதிகாரிகளின் பாஷையே அலாதி.

அந்த ஜில்லாவின் ஜின்ஸூ நதியிலும் இதே வழக்குத் தொடர்ந்தது. மேலேயுள்ள கமியோகாச் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் வயல்களில் படிந்தது. அந்த அரிசியையுண்ட வயதான ஸ்திரீகளுக்கு, முக்கியமாய்ப் பல குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு, எலும்புகள் ஒடிந்தன. 'இதாய், இதாய்' (வலிக்கிறது) என்று அவர்கள் அலறியதே நோயின் பெயராயிற்று. 1968-ல் ராஜாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது. குடியானவர் தொடுத்த வழக்கில் 1971-ல் டோயாமா நியாயஸ்தலமும், மறுவருஷம் மேல்கோர்ட்டும் சுரங்கக் கம்பெனிக்கு விரோதமாய்த் தீர்ப்பளித்தன. நஷ்ட ஈட்டோடு அவர்கள் திருப்தியடையவில்லை. தாம் வேண்டும்போது நிபுணரோடு சுரங்கத்தில் நுழைந்து சோதிக்கும் உரிமையையும் கம்பெனியிடம் எழுதி வாங்கிக்கொண்டனர். கெட்ட மண்ணைத் திருத்தும் வேலை 2012-ல்தான் முடிந்தது. சோதனைக்கு அவர்கள் வருஷந்தோறும் போய்வருகின்றனர்.