மைதானம் மாறிய பாட்டு

பெண்கள் ஹாக்கிக்காகப் பிறந்த பாட்டைக் கிரிக்கெட்டும் தத்தெடுத்துக்கொண்டது

ஷாருக் கான் படம். ஆனால் கதாநாயகி இல்லை, ஆல்பத்தில் காதல் டூயட் இல்லை. 2007 ஆகஸ்டில் ‘சக் தே இந்தியா’ வெளியானபோது ஹிந்தித் திரையுலகின் கணக்குப்படி இது ஆபத்தான விளையாட்டு. நடந்ததோ வேறு.

2002-ல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் ஹாக்கியில் தங்கம் வென்றார்கள். நாளிதழ்களில் அதற்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். அந்தச் செய்திதான் ஜெய்தீப் சாஹ்னிக்குக் கதையின் விதை. கதை, வசனத்தோடு பாட்டுகளையும் அவரே எழுதினார். அதனால்தான் சலீம்-சுலைமான் சகோதரர்களின் மெட்டுகள் கதையை நிறுத்தாமல் அதனுடனேயே ஓடுகின்றன. துரோகிப் பட்டம் சுமக்கும் கபீர் கானின் வேதனைக்கு ‘மௌலா மேரே’; பெண்களின் துள்ளலுக்கு ‘பாதல் பே பாவ் ஹே’.

இறுதி ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் பேசும் ‘சத்தர் மினிட்’ வசனமும் ஆல்பத்தில் இடம்பிடித்தது. எழுபது நிமிடம் என்பது அன்றைய ஹாக்கியின் அளவு. 2014-ல் சர்வதேச ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாகி, 60 நிமிடமாகக் குறைந்தது. வசனம் மட்டும் எழுபதிலேயே நிற்கிறது.

சுக்விந்தர் சிங்கின் கம்பீரக் குரலில் ஒலிக்கும் தலைப்புப் பாட்டின் பயணம் தனிக்கதை. ‘சக் தே’ என்றால் பஞ்சாபியில் ‘தூக்கு’. களத்தில் அது உற்சாகக் கூவல். படம் வந்த அடுத்த மாதமே சென்னையில் ஆசியக் கோப்பை இறுதியில் தென் கொரியாவை 7-2 என்று வீழ்த்திய ஆண்கள் ஹாக்கி அணியோடு அரங்கமே இதைப் பாடியது. சில நாட்களில் ஜோஹன்னஸ்பர்க்கில் தோனியின் அணி டி20 உலகக் கோப்பையை வென்றது. பாட்டு கிரிக்கெட் ரசிகர்களின் கீதமுமாயிற்று.

படத்தின் ஆதங்கமே ஹாக்கியைக் கிரிக்கெட் மறைத்துவிட்டது என்பதுதான். அந்த ஆதங்கம் தீர்ந்தபாடில்லை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்து நாட்டையே விழிக்க வைத்த பெண்கள் அணி, 2024 பாரீஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. அந்தப் பெண்களைத் தேடிக் கூட்டம் வருவது எப்போதாவதுதான். அவர்களின் பாட்டுக்கோ கிரிக்கெட் அரங்குகளில் ஹவுஸ்ஃபுல்.