கட்டச்சங்கிலியும் மின்பரிமாற்றப் பாதுகாப்பும்

முன்னுரை

மின்னணுப் பரிமாற்றத்தில் பணம் என்பது ஒரு பதிவே. அச்சிட்ட பணத்தாளைக் கொடுத்தவரின் கையைவிட்டு அது நீங்கிவிடுகிறது. மின்பதிவையோ எத்தனை முறையும் படியெடுக்கலாம். ஒரே தொகையை இருவருக்குக் கொடுக்க இடமளிக்கும் இவ்விடர் 'இருமுறைச் செலவு' எனப்படும். வங்கி போன்றதொரு நடுவண் அமைப்பு கணக்கேட்டைக் காப்பதே இதற்கு வழக்கமான தீர்வாகும். அத்தகைய அமைப்பு இன்றியும் கணக்கேட்டைக் காக்கும் முறை, பிளாக்செயின் எனப்படும் கட்டச்சங்கிலி. அது எதனைக் காக்கிறது, எதனைக் காப்பதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

மின்னாவணங்களுக்குக் காலமுத்திரை இட்டு, அம்முத்திரைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் முறையை ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா ஆகியோர் 1991இல் முன்வைத்தனர். சதோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை, இக்கருத்தைப் பணப் பரிமாற்றத்திற்குப் பயன்படுத்தியது. பிட்காயினின் முதற்கட்டம் 2009 ஜனவரி 3ஆம் நாளைத் தாங்கியுள்ளது.

அந்தாதிப் பிணைப்பு

ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாக அமைவது அந்தாதி. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து இவ்வாறு அமைந்ததாகும். இடையில் ஒரு பாடல் விடுபடினும் புதிதாக ஒன்று செருகப்படினும் தொடை அறுந்து அதனைக் காட்டிவிடும். கட்டச்சங்கிலியின் அமைப்பும் இத்தகையதே. பரிமாற்றங்களின் தொகுதி ஒரு கட்டம். அக்கட்டத்திலிருந்து ஹாஷ் எனப்படும் குறிமதிப்பு கணிக்கப்பட்டு, அடுத்த கட்டத்தின் தலைப்பில் இடம்பெறுகிறது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பாடலின் நடுவில் ஒரு சொல் மாறினால் அந்தாதித் தொடை அதனைக் காட்டாது. கட்டத்தில் ஓர் எழுத்து மாறினும் ஹாஷ் மதிப்பு முற்றும் வேறாகும். அதனைத் தொடரும் கட்டங்கள் அனைத்தும் பொருந்தாமற்போகும்.

படிகளும் உடன்பாடும்

பிணைப்பு மட்டும் போதாது. மாற்றிய கட்டத்திலிருந்து தொடங்கி எல்லாக் கட்டங்களையும் ஒருவர் மீண்டும் கணித்துவிடலாம். இதனை இரண்டு ஏற்பாடுகள் தடுக்கின்றன. முதலாவது, கணக்கேட்டின் முழுப்படிகள் பல நாடுகளிலுள்ள கணினிகளில் இருப்பது. இரண்டாவது, புதிய கட்டத்தைச் சேர்ப்பதற்குப் பெருங்கணிப்பு தேவைப்படுவது. பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு கட்டமே சேர்கிறது. மிகுதியான கணிப்புழைப்பைத் தாங்கிய சங்கிலியே ஏற்கப்படுவதால், பழைய பதிவைத் திருத்த முனைபவர் ஏனையோரின் கணிப்புத்திறனை விஞ்சியாக வேண்டும்.

பாதுகாப்பின் எல்லை

ஒரு மூலத்தின் பிழையைப் பல ஏடுகளும் வழிவழியாகப் படியெடுத்திருப்பின், பெரும்பான்மைப் பாடம் உண்மைப் பாடம் ஆகாது என்பது பதிப்பியல் உணர்த்தும் செய்தி. கட்டச்சங்கிலியும் பதிவின் மாறாமைக்கே பொறுப்பேற்கிறது. பதிவின் உண்மைக்கு அன்று. மறைசாவியைத் திருடியவர் இடும் கையொப்பத்தையும் அது உரியவரின் கையொப்பமாகவே கொள்ளும். டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் பரிமாற்றகம் 2014 பிப்ரவரியில் நொடிந்தபோது, ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்கள் காணாமற்போனதாக அறிவித்தது. அவற்றுள் சுமார் 2,00,000 பின்னர்க் கிடைத்தன. அப்போதும் பிட்காயின் சங்கிலி அறுபடவில்லை. வாடிக்கையாளர் பணத்தின் சாவிகளை வைத்திருந்த இடமே காவலற்றுப்போனது.

மாறாமையும் நிபந்தனைக்கு உட்பட்டதே. 2016 ஜூனில் எத்தீரியத்தில் இயங்கிய 'தி டிஏஓ' என்னும் நிதியத்தின் நிரற்பிழையால் ஏறத்தாழ 36 லட்சம் ஈதர் அதிலிருந்து வெளியேற்றப்பட்டது. அடுத்த மாதமே பெரும்பான்மையோர் விதியை மாற்றி அதனை மீட்டனர். இசையாதோர் தொடர்ந்த பழைய சங்கிலி எத்தீரியம் கிளாசிக் எனப்பட்டது. கணிப்புத்திறன் குறைந்திருந்த அச்சங்கிலியின் அண்மைக் கட்டங்கள் 2019இலும் 2020இலும் தாக்குதலாளர்களால் மாற்றி எழுதப்பட்டன.

முடிவுரை

கட்டச்சங்கிலி இருமுறைச் செலவைத் தடுக்கிறது. பழைய பதிவைத் திருத்துவதை அரிதாக்குகிறது. சாவியின் காவல், நிரலின் செம்மை, உள்ளிடுவோரின் நேர்மை ஆகியவை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. பிழையாக அனுப்பிய தொகையை மீட்டுத்தரும் நடுவர் அங்கு இல்லாமையால், மாறாமையே பயனருக்கு இழப்பாகவும் முடியலாம். ஆதலின் இத்தொழில்நுட்பத்தைத் தமிழில் விளக்குவோர் 'பாதுகாப்பு', 'மாறாமை' என்னும் இரு சொற்களையும் ஒருபொருட் பன்மொழியாக ஆளாமல் வேறுபடுத்தி ஆள்வது இன்றியமையாததாகும்.