காத்மாண்டுவில் யாரிடம் பேசுவது?

இமயத்தின் மடியில் – 17

பிரதமர் தேர்தலில் ஒரே ஒருவர் நிற்கிறார். எதிர்த்து யாரும் இல்லை. அப்படியும் தோற்கிறார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. 2010-இல் நேபாளத்தில் இதுதான் நடந்தது.

அந்த ஆண்டு ஜூன் 30 அன்று பிரதமர் மாதவ் குமார் நேபாள் பதவி விலகினார். 601 இடங்கள் கொண்ட அரசியல் நிர்ணய சபைதான் அப்போது நாடாளுமன்றமும். அதில் பாதிக்கு மேல் வாக்கு வாங்குபவரே பிரதமர். மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டாவும் நேபாளி காங்கிரஸின் ராம் சந்திர பௌடேலும் மோதினார்கள். மூன்றாவது பெரிய கட்சியான யு.எம்.எல். கம்யூனிஸ்டுகள் நடுநிலை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஏழு சுற்று முடிந்ததும் பிரசண்டா விலகினார். பௌடேல் தனியாளாக நின்று 16-ஆவது சுற்று வரை தோற்றார். அதற்குள் பட்ஜெட்டை அவசரச் சட்டமாகக் கொண்டுவர வேண்டிய நிலை. 2011 பிப்ரவரி 3 அன்று, 17-ஆவது சுற்றில், யு.எம்.எல். தலைவர் ஜாலாநாத் கனால் பிரதமரானார்.

டெல்லியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தவிப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. நேபாளத்தோடு இந்தியாவுக்கு 1,700 கிலோமீட்டருக்கும் மேலான எல்லை இருக்கிறது. கடக்க விசா வேண்டாம். அணை, ரயில், மின்சாரம் என்று எதைப் பேசினாலும் எதிரில் உட்காருபவர் அடுத்த மாதம் அமைச்சராக இருப்பாரா என்பது தெரியாது. ஒரு கட்சி ஒப்புக்கொண்டதை அடுத்த கட்சி தேசத்துரோகம் என்கிறது. அதே கட்சிக்குள்ளேயே இன்னொரு தலைவர் வேறு விதமாகப் பேசுகிறார்.

இதில் இந்தியாவுக்கு ஒரு தனி உரிமை உணர்வும் இருந்தது. சென்ற வாரம் பார்த்தோமே, 2005 நவம்பர் 22-இல் மன்னரின் நேரடி ஆட்சியை எதிர்த்த ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தது டெல்லியில்தான். மறு ஆண்டு ஏப்ரலில் மக்கள் தெருவில் இறங்கியபோது டெல்லி ஒருமுறை தடுமாறியதும் உண்டு. ஏப்ரல் 21 அன்று மன்னர் ஞானேந்திரா, பிரதமர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று கட்சிகளைக் கேட்டார். அதை இந்தியா வரவேற்றது. காத்மாண்டு தெருக்கள் ஏற்கவில்லை. மறுநாளே வெளியுறவுச் செயலாளர் ஷியாம் சரண், நேபாள மக்கள் எதை முடிவு செய்கிறார்களோ அதுவே இந்தியாவின் நிலை என்று விளக்கம் தந்தார். 24-ஆம் தேதி இரவு மன்னர் பணிந்தார். தன் கணக்கு தவறு என்று தெரிந்ததும் ஒரே நாளில் திருத்திக்கொண்ட அந்த டெல்லியை நான் மதிக்கிறேன். பின்னால் அந்தப் பக்குவம் காணாமல் போனதுதான் வருத்தம்.

அதே ஷியாம் சரண் 2010 ஆகஸ்டில் இந்தியப் பிரதமரின் சிறப்புத் தூதராகக் காத்மாண்டு போனார். நான்காவது சுற்று வாக்கெடுப்பு நெருங்கிய நேரம். முன்பு அங்கே தூதராக இருந்தவர், எல்லாத் தலைவர்களையும் அறிந்தவர். தராய்ச் சமவெளியின் மதேசிக் கட்சிகள் உட்பட எல்லோரையும் சந்தித்தார். முடிச்சு அவிழவில்லை. பிரசண்டாவுக்குப் போகவிருந்த மதேசி வாக்குகளைத் தடுக்கத்தான் வந்தார் என்ற பேச்சு மட்டும் நின்றது. அது உண்மையா என்பதைவிட, எளிதில் நம்பப்பட்டது என்பதுதான் முக்கியம். காத்மாண்டுவில் எந்த நாற்காலி ஆடினாலும் அதன் காலில் டெல்லியின் கை தெரிகிற அளவுக்கு உறவு கெட்டிருந்தது.

இந்தச் சலிப்பின் முழு விலை 2015-இல் தெரிந்தது.

ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சில மணி நேரத்திலேயே இந்திய விமானங்கள் கிளம்பின. ஜூனில் 100 கோடி டாலர் உதவியை இந்தியா அறிவித்தது. அந்தத் துயரம்தான், ஏழு ஆண்டுகளாக ஒரு அரசியல் சட்டத்தை எழுதி முடிக்காத கட்சிகளை அவசர அவசரமாகக் கைகோக்கவும் வைத்தது. ஆனால் சமவெளியின் மதேசிகளும் தாருக்களும் மாகாண எல்லைகள் தங்களைத் துண்டாடுகின்றன என்று கொதித்தார்கள். 40-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மதேசிகளுக்கும் பீகார், உத்தரப் பிரதேச மக்களுக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு. அங்கே தீ பிடித்தால் இங்கே சுடும். அவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள் என்று இந்தியா சொன்னதில் நியாயம் இருந்தது.

சொன்ன நேரமும் விதமும்தான் எல்லாவற்றையும் பாழாக்கின. செப்டம்பர் 16 அன்று 507 உறுப்பினர்கள் ஆதரிக்க, அரசியல் சட்டம் நிறைவேறிவிட்டது. மதேசிக் கட்சிகள் பல வாக்கெடுப்பையே புறக்கணித்தன. 18-ஆம் தேதி வெளியுறவுச் செயலாளர் ஜெய்சங்கர் காத்மாண்டுவில் இறங்கினார். பிரகடனத்துக்கு இரண்டே நாள் இருந்தது. தாலி கட்டும் நேரத்தில் வந்து ஜாதகம் கேட்டால் எந்த வீட்டில்தான் பொறுப்பார்கள்? 20-ஆம் தேதி பிரகடனமானது. இந்திய அறிக்கையில் வரவேற்பு என்ற சொல்லே இல்லை. கவனித்தோம் என்று மட்டும் இருந்தது.

அடுத்த சில நாள்களில் எல்லையில் லாரிகள் நின்றன. நாங்கள் முற்றுகை போடவில்லை, மதேசிப் போராட்டக்காரர்கள்தான் வழியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றது இந்தியா. பீர்கஞ்ச்–ரக்சால் பாலத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தது உண்மை. போராட்டம் இல்லாத சாவடிகளிலும் சரக்கு நகரவில்லை என்ற நேபாளத்தின் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. பெட்ரோல் முழுவதும் இந்தியன் ஆயில் வழியாக வரும் நாடு அது. பாதி நிரப்பிய கேஸ் சிலிண்டர்களுக்கு வரிசை கட்டி நின்றார்கள். தகரக் கொட்டகையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த நிலநடுக்கக் குடும்பங்கள் விறகு பொறுக்கின. மருந்துக்கும் தட்டுப்பாடு. நான்கு மாதத்துக்கும் மேல் இது நீடித்தது.

பலன் என்ன? 2016 ஜனவரியில் ஒரு சிறு அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. மதேசிகளுக்கு அது போதவில்லை. முற்றுகையின்போது பிரதமராகி, நேபாள தேசியத்தின் முகமாக வளர்ந்தவர் கே.பி. சர்மா ஒலி. மார்ச்சில் அவர் பெய்ஜிங் போய், சீனத் துறைமுகங்கள் வழியாகச் சரக்கு கொண்டுவரும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். தராய்க்காகப் பேசப்போன இந்தியா மலைநாட்டையே இழந்துகொண்டிருந்தது. நேபாளக் கட்சிகளின் பிளவு இந்தியா உண்டாக்கியதல்ல. ஆனால் பொறுமை இழந்து ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாய்ந்து அந்த விரிசலை ஆழமாக்கிய பொறுப்பு நமக்கு உண்டு. இதைச் சொல்லிக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிறகு சீனாவின் முறை வந்தது. 2018-இல் ஒலியும் பிரசண்டாவும் தங்கள் கட்சிகளை இணைத்தார்கள். 2020-இல் அது உடையத் தொடங்கியதும் சீனத் தூதர் ஹோ யான்சி தலைவர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார். டிசம்பர் 20 அன்று பிரதமர் ஒலி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஒரு வாரத்தில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் குவோ யேசோ காத்மாண்டு வந்து ஒவ்வொருவரிடமும் பேசிப் பார்த்தார். கட்சி ஒட்டவில்லை. டெல்லியோ இந்த முறை, இது நேபாளத்தின் உள்விவகாரம் என்று சொல்லி ஒதுங்கி நின்றது. நாடாளுமன்றத்தைத் திரும்ப உயிர்ப்பித்தது நேபாளத்தின் உச்ச நீதிமன்றம்.

அன்று தனியாளாக நின்று தோற்ற பௌடேல் 2023 மார்ச்சில் நேபாளத்தின் குடியரசுத் தலைவரானார்.

அடுத்த வாரம் மகாகாளி நதிக்கரைக்குப் போவோம். மகாகாளி ஒப்பந்தம் 1996-இல் கையெழுத்தானது. பஞ்சேஸ்வர் அணையின் திட்ட அறிக்கையை ஆறே மாதத்தில் முடிப்பது என்று அப்போது பேசினார்கள்.

(தொடரும்)