தோல் கழிவில் தேறிய கிருமிகள்

ஆம்பூர்ப் பக்கம் டேனரிக் கழிவு ஓடிய கால்வாய்க் கரையில் ஒரு கரண்டி மண் எடுக்கிறார்கள். அதை உப்புநீரில் கரைத்து, பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், கடைசியில் சில சொட்டுகளை அகார் தட்டில் தடவுகிறார்கள். அகாரில் பொட்டாசியம் டைகுரோமேட் கலந்திருப்பதால் தட்டு மஞ்சளாக இருக்கும். சாதாரணத் தோட்ட மண்ணைத் தடவிய தட்டில் மறுநாள் பெரிதாக ஒன்றும் முளைக்காது. கால்வாய் மண் தடவிய தட்டிலோ வெண்புள்ளிகள் மண்டிக் கிடக்கும். அதில் ஒரு புள்ளியைக் கம்பியால் தொட்டு, மஞ்சள் குரோமேட் கரைசல் இருக்கும் குடுவையில் விட்டால், ஓரிரு நாளில் மஞ்சள் வெளுக்கத் தொடங்கும். தட்டும் குடுவையும் இருந்தால் கல்லூரி மாணவர்களே செய்துவிடக்கூடிய சோதனைதான் இது. எளிய சோதனை என்பதாலேயே அது காட்டுகிற விஷயத்தை நாம் லேசாக எடுத்துக்கொண்டுவிட்டோமோ என்று எனக்குக் கவலை.

கலபகோஸ் குருவிகள், கரிப்புகையில் கருத்த இங்கிலாந்து அந்துப்பூச்சி எல்லாம் பள்ளியில் படித்த கதைதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில், அதே இயற்கைத் தேர்வு இன்று காலையிலும் நடந்திருக்கிறது. குரோமியம் எந்தக் கிருமிக்கும் தன்னைத் தாங்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்ததில்லை. அந்த மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருந்தன. அவற்றில் மிகச் சிலவற்றுக்குத் தற்செயலாக ஒரு மரபணு கொஞ்சம் மாறி இருந்திருக்கும். கழிவு வந்தது, தாங்காதவை செத்தன, தாங்கியவை பெருகின. மறுநாளும் கழிவு வந்தது.

எத்தனை நாள்? இந்த வட்டாரத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் நெடியது. 1970களின் தொடக்கத்தில் பச்சைத் தோல், அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் தொழில் திரும்பியது. அதோடு குரோமியப் பதனிடலும் பெருகியது. அன்றிலிருந்து 50 ஆண்டு. ஆய்வகத்தில் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும். பாலாற்று மணலில் அவ்வளவு வேகம் இருக்காது, சரி. நாளுக்கு ஒரே ஒரு தலைமுறை என்று வைத்தாலும் 50 ஆண்டில் 18,000 தலைமுறை ஆகிறது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று மனிதக் கணக்கில் பார்த்தால் நாலரை லட்சம் ஆண்டு. நம் இனம் தோன்றியே மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்கிறார்கள். ஒரு ஷூ கம்பெனியின் ஆயுளுக்குள் அத்தனை தலைமுறைகள் சலித்தெடுக்கப்பட்டுவிட்டன.

குரோமியம் என்ன செய்கிறது, கிருமி எப்படிச் சமாளிக்கிறது என்பதையும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கவேண்டும். டிரம்மில் சுழலும் தோலுக்குப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். வழக்கமான முறையில் போட்டதில் நூற்றுக்கு 60, 70 பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மீதி தண்ணீரோடு போகும். இந்த வகையால் அவ்வளவு கெடுதலில்லை. ஆனால் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு அதில் ஒரு பகுதியை ஆறு இணைதிறன் குரோமியமாக மாற்றிவிடும். அதுதான் நஞ்சு. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு ரசாயன ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேட்டிலிருந்து மஞ்சள் தண்ணீராகக் கசிந்ததும் இந்த வகைதான். இதன் வடிவம் சல்பேட்டைப் போலவே இருப்பதால், சல்பேட் நுழையும் வழியாகவே செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏவைச் சிதைக்கிறது. தேறிய கிருமிகளிடம் இரண்டு உபாயங்கள் உண்டு. உள்ளே வந்த குரோமேட்டை வெளியே தள்ளும் ஒரு புரதம். அதைச் செய்வது சிஎச்ஆர்-ஏ என்ற மரபணு. மற்றொன்று ஆறு இணைதிறனை மறுபடி மூன்றாக மாற்றும் நொதி. குடுவையில் மஞ்சள் வெளுத்தது இந்த நொதியால்தான்.

இதோடு நின்றிருந்தால் இதை உயிரியல் அதிசயமாக எழுதி முடித்திருக்கலாம். உப்புக் கட்டிய தோல் மண்டிகளில் சில நேரம் தோலின் சதைப்பக்கம் சிவப்புத் திட்டு விழுவதைத் தொழிலாளர்கள் பார்த்திருப்பார்கள். உப்பளத்திலிருந்து உப்போடு ஏறி வந்த நுண்ணுயிர்களின் வேலை அது. அடர்ந்த உப்பில்தான் அவை வாழும், நல்ல தண்ணீரில் போட்டால் உடைந்து சாகும். அந்தத் தகவமைப்பால் தோல் வியாபாரிக்கு நஷ்டம், ஊருக்கு ஒன்றுமில்லை. குரோமியம் தாங்கும் பாக்டீரியாவை அப்படி விட்டுவிட முடியாது.

காரணம், அந்த மரபணு பல நேரம் கிருமியின் முதன்மைக் குரோமோசோமில் இருப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கிறது. 1990 வாக்கில் இந்த மரபணுவை முதலில் அடையாளம் கண்டதே பிளாஸ்மிட்டுகளில்தான். பிளாஸ்மிட் அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் போகிற சொத்தில்லை. பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கைமாறும். அதே வளையத்தில் ஆன்டிபயாடிக் மருந்தை முறியடிக்கும் மரபணுவும் உட்கார்ந்திருந்தால், குரோமியம் ஒன்றுக்காக நடக்கும் தேர்வில் அதுவும் இலவசமாகத் தேறிவிடுகிறது. அந்தக் கால்வாயில் ஒரு மாத்திரைகூட விழுந்திருக்க வேண்டியதில்லை. மஞ்சள் தட்டில் முளைத்த கிருமியை வேறொரு தட்டில் பரப்பி, ஆன்டிபயாடிக் தடவிய சிறு காகித வட்டங்களை மேலே வைத்துப் பாருங்கள். மருந்து வேலை செய்தால் வட்டத்தைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். டேனரிக் கழிவில் பிரித்த கிருமிகளில் பலவற்றுக்கு ஆம்பிசிலின் போன்ற மருந்துகளைச் சுற்றி அந்த வளையம் விழுவதில்லை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் தோல் கழிவை ஆராய்ந்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இது எங்கோ ஆய்வகத்தில் நடக்கிற சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு 1992ஐ நினைவுபடுத்துகிறேன். அதுவரை காலரா கொள்ளைநோயாகப் பரவியதற்கு ஓ1 என்ற ஒரே வகைதான் காரணம். மற்ற 137 வகைகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வயிற்றுப்போக்கு கொடுப்பதோடு சரி. 1992 அக்டோபரில் சென்னையில் ஓ1 இல்லாத ஒரு காலரா கிளம்பியது. மதுரையிலும் வேலூரிலும் தென்பட்டது. அடுத்த சில மாதங்களில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் உலுக்கியது. பழைய 138 வகைகளில் எதிலும் சேராததால் அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இந்தத் திடீர் மாற்றத்தைக் கண்டு 1993இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு நடந்த ஆராய்ச்சியில் தெரிந்தது இது: பழைய ஓ1 காலராக் கிருமியே, தன் மேலுறையை உண்டாக்கும் மரபணுத் தொகுதியை வேறொன்றிடமிருந்து வாங்கி மாற்றிக்கொண்டிருக்கிறது. பழைய காலராவுக்கு உடலில் எதிர்ப்பு வைத்திருந்த பெரியவர்களும் அதனால்தான் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். நம் எதிர்ப்புசக்தியே அங்கே தேர்வு நடத்தியது. உறை மாற்றியது தேறியது.

என் கவலைக்குக் காரணமான செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1992இல் சென்னையில் எடுத்த அந்த ஓ139 கிருமியில், எஸ்எக்ஸ்டி என்று பெயர் பெற்ற ஒரு நடமாடும் மரபணுத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். கோட்ரிமாக்சசோல், ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்பெனிகால் ஆகியவற்றை முறியடிக்கும் மரபணுக்கள் அந்த ஒரே துண்டில் இருந்தன. அதன் நெருங்கிய உறவான ஆர்391 என்ற துண்டு 1960களிலேயே தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அதில் ஆன்டிபயாடிக் எதிர்ப்போடு பாதரச எதிர்ப்பும் சேர்ந்திருக்கிறது. ஆக, உலோகம் தாங்கும் மரபணுவும் மருந்தை முறிக்கும் மரபணுவும் ஒரே வண்டியில் ஏறும் குடும்பம் நம் ஊர்க் காலராவுக்கே சொந்தம். 2010இல் உலகை அதிரவைத்த, ஆன்டிபயாடிக்குகளை முறியடிக்கும் என்டிஎம்-1 மரபணுவும் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில்தான் பயணம் செய்தது. அதைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் முதல் ஆசிரியராக இருந்து எழுதிய லான்செட் தொற்றுநோய் இதழ்க் கட்டுரையில், அந்த மரபணு இருந்த கிருமிகளில் 44 சென்னையிலிருந்து எடுத்தவை. டெல்லியின் பெயரைச் சுமக்கும் மரபணுவின் கதையில் சென்னைக்கு இத்தனை பெரிய பங்கு இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது.

இப்போது பாலாற்றுக்கு வாருங்கள். ஊர்ச் சாக்கடையும் டேனரிக் கழிவும் ஒரே ஓடையில் கலக்கும் இடங்கள் இங்கே உண்டு. மனிதக் குடலிலிருந்து வரும் கிருமிகள் ஒருபக்கம், குரோமியத்தில் 50 ஆண்டு தேறிய மண் கிருமிகள் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் சேற்றில் குரோமியம் இருந்துகொண்டே இருக்கிறது. பிளாஸ்மிட்டை வாங்கிக்கொண்ட குடல் கிருமிக்கு அந்த வாங்கல் உடனே லாபம். அந்த ஆற்று மணலில்தான் நம் குடிநீர்க் கிணறுகள். மழைக்காலத்தில் வெள்ளம் வரும்போது ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆற்றில் வெண்ணுரை மிதப்பதைப் படம் போடாத பத்திரிகை இல்லை. 2021 நவம்பரில் ஓடிய பெருவெள்ளம் அந்தச் சேற்றை எத்தனை வயல்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

டிரம்மிலிருந்து ஈரத்தோலை அள்ளிப் போடுபவரின் கைகளையும் பாருங்கள். குரோமியம் பட்டுப்பட்டுத் தோலில் குழிவிழுந்த புண் ஆறாமல் இருக்கும். அந்தப் புண்ணோடு கழிவுநீரில் கை வைப்பார். புண் பழுத்தால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இரண்டு நாள் மாத்திரை வாங்கிப் போடுவார். வலி குறைந்ததும் நிறுத்திவிடுவார். ஒரே உடம்பில் குரோமியமும் அரைகுறை மருந்தும் சேர்ந்து கிருமிக்குத் தேர்வு வைக்கின்றன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டரிடம் போனால் அரைநாள் கூலி போய்விடும்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தண்ணீரை மறுசுழற்சி செய்யும் ஏற்பாடுகளும் வந்தபின் நிலைமை எவ்வளவோ மேல் என்று தொழில்துறையினர் சொல்கிறார்கள். மருந்து எதிர்ப்புக்கு மருத்துவமனைகளும் கோழிப்பண்ணைகளும்தான் பெரிய காரணம் என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு. இந்தக் கிருமிகளையே வளர்த்து குரோமியக் கழிவைச் சுத்தம் செய்யலாம் என்று பல ஆய்வுகள் நடக்கின்றன, அதுவும் நல்ல முயற்சிதான். ஆனால் சுத்திகரிப்புத் தொட்டி என்பதே கோடானுகோடி பாக்டீரியாக்களை நெருக்கமாக வைத்துக் காற்றூட்டி வளர்க்கும் இடம். மரபணு கைமாற அதைவிட வசதியான இடம் எது? அங்கிருந்து வெளியேறும் நீரில் குரோமியம் குறைந்திருக்கலாம். எதிர்ப்பு மரபணு குறைந்ததா என்று யார் பார்த்தார்கள்?

வெளியேறும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 மில்லிகிராம், கரைந்த உப்புகள் 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது விதி. எதிர்ப்பு மரபணுவுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ கெட்டுப்போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. நிலத்தின் கணக்கு இருக்கிறது, கிணற்றின் கணக்கு இருக்கிறது. அந்த நிலத்தில் தேர்வாகி நின்ற உயிர்களின் கணக்கை இதுவரை எந்த விதியும் கேட்கவில்லை.

கேட்டால் பலன் உண்டு. குரோமியம் இல்லாத இடத்தில் இந்த எதிர்ப்பு, கிருமிக்கு வீண் சுமை. பிளாஸ்மிட்டைத் தூக்கிக்கொண்டு பெருகுவது மெதுவாகும். சுமையில்லாத சொந்தங்கள் முந்திக்கொள்ளும். தேர்வு நடத்தும் நஞ்சை நிறுத்தினால் எதிர்ப்பும் காலப்போக்கில் தேய வாய்ப்புண்டு. காலம் தாழ்த்தினால், சுமை தெரியாமல் வாழ வழிசெய்யும் வேறு மாற்றங்கள் அதே கிருமியில் தேர்வாகிவிடும். அதன்பின் தண்ணீர் சுத்தமானாலும் எதிர்ப்பு போகாது. இந்த அவசரத்தைத்தான் யாரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மறுபடி தீர்ப்பளித்து, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொன்னது. இனி பாலாற்றில் எடுக்கும் ஒவ்வொரு நீர் மாதிரியையும் இரண்டு பாட்டிலாக எடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒன்று வழக்கம்போல ரசாயனச் சோதனைக்கு. இன்னொன்று நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு; அங்கே குரோமியம் தாங்கும் கிருமிகளை எண்ணி, அவற்றில் எத்தனை எந்தெந்த மருந்துக்கு மசியவில்லை என்று பார்த்து, மழைக்கு முன்னும் பின்னும் ஊர்வாரியாக வெளியிட வேண்டும். கூடவே, ஊர்ச் சாக்கடை டேனரிக் கழிவோடு கலக்கும் இடங்களை முதல் வேலையாகப் பிரித்துவிட வேண்டும். ஓ139 வந்தபோது அந்த மாற்றத்தைக் கண்டு எழுதிய வேலூர் ஆய்வகம் ஆம்பூரிலிருந்து 50 கிலோமீட்டரில் இருக்கிறது. ஐஸ் பெட்டியில் வைத்தால் காலையில் எடுத்த மாதிரி மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.