ஒரிஜினலைக் கொடுக்கும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ராசிபுரம், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஊர்களுக்கு அட்மிஷன் ஏஜென்ட்டுகள் வீடு தேடி வந்துவிடுவார்கள். "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ரெண்டே சீட்டுதானுங்க பாக்கி, இன்னைக்கே போட்டு வெச்சிருங்க." முன்பணம் கைமாறும். ரசீது கிடையாது, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிய தொகைதான் மிச்சம். கூடவே டி.சி.யும் மார்க் ஷீட்டும் போய்விடும்.

சிக்கல் அந்த டி.சி.யில்தான் இருக்கிறது. கவுன்சிலிங்கில் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியே கிடைத்தாலும், ஒரிஜினல் இல்லாமல் சேர முடியாது. "மொத்தக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிப் போங்க" என்பார்கள், ஏஜென்ட் சேர்த்துவிட்ட கல்லூரியில்.

அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. சரிபார்த்ததும் அசல் சான்றிதழைத் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை. வகுப்பு தொடங்கும் முன் மாணவர் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. 2017-இல் நிர்ணயித்தபடி கவுன்சிலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவில் முறையே 85,000, 87,000. அதற்கு மேல் டொனேஷன் வாங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஒன்று: நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சிலிங்குக்குள் வருவதில்லை. பெயர்ப் பலகையில் கல்லூரி என்று இருந்தாலும், அண்ணா பல்கலைக்கழக இணைப்பா, நிகர்நிலையா என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

புகாரை எழுத்தில் கொடுங்கள்: முதல்வருக்கு, பிறகு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுநாள் இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100. பணம் கட்டியதற்குப் பேங்க் வழி ஆதாரம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கார்டின் பின்பக்கக் கணக்கை யாரும் ஏற்க மாட்டார்கள்.

படிப்பு முடிந்த பிறகும் வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றும் கும்பல்கள் உண்டு. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடியில் ஈடுபடுத்தப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அக்டோபரில் 13 தமிழர்கள் மீண்டு சென்னை வந்தார்கள். வெளிநாட்டு ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். உள்ளூரில் வேலை வாங்கித் தருவதாக ஆன்லைனில் பணம் பறித்தால், உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். தாமதமாக ஆக, பணத்தை வங்கியில் முடக்கிவைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.