கைத்தொலைபேசியிற் காட்டும் கமம்: பிறர் நம்பத்தக்க செய்தியை வெளியிடும் வழி

தீவுப்பகுதிக் கமக்காரர்களே,

முன்னாளில் ஒரு கமக்காரர் புதிய விதையையோ புதிய முறையையோ கையாள விரும்பினால், முதலில் அயலவரின் வேலியோரத்தில் நின்று பார்ப்பார். பயிர் முளைத்த நாள் முதல் அறுவடை வரை தம் கண்ணாற் கண்ட பின்னரே தம் நிலத்தில் அதனைச் செய்வார். இன்று அந்த வேலியோரம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. யூடியூப், பேஸ்புக், வாட்ஸ்அப் ஆகியவற்றின் வாயிலாக, எங்கோ விளைந்த பயிரை நெடுந்தீவிலிருப்பவரும் காண்கிறார். நம் இளைஞரிற் பலர் தாமே காணொளி எடுத்து வெளியிடவும் தொடங்கியுள்ளனர்.

இது வரவேற்கத்தக்க மாற்றமே. குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போதனாசிரியர் ஒருவர் நினைத்த நாளெல்லாம் செல்ல இயலாது. கடல் கொந்தளிக்கும் காலத்திற் படகோட்டமே தடைப்படும். அத்தகைய நாள்களிலும் கைத்தொலைபேசி செய்தி கொண்டு செல்லும். ஆயினும், வேலியோரத்தில் நின்றவருக்கு அயலவரின் மண்ணும் கிணறும் நன்கு தெரியும். காணொளி பார்ப்பவருக்கு அவை தெரியா. இக்குறையை நீக்குவது காணொளி எடுப்பவரின் கடமையாகும். அக்கடமையை மறந்து நானே ஒருமுறை தவறிழைத்தேன். பிறருக்குப் பயன்படும் என்பதால் அதனை இங்கு கூறுகின்றேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன்னர் வலிகாமத்துச் செம்மண் நிலமொன்றிற் சின்ன வெங்காயச் செய்கையைப் படம்பிடித்து வெளியிட்டேன். பாத்தி கட்டும் முறை, நடுகை இடைவெளி, பசளையிடும் காலம் யாவற்றையும் விளக்கினேன். பயிரும் செழிப்பாக இருந்தது. பலர் பார்த்தனர், பலர் பாராட்டினர். ஆனால் அந்நிலம் செம்மண் நிலம் என்பதையும், அக்கிணற்று நீர் நன்னீர் என்பதையும் நான் கூறவில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவையே என எண்ணிவிட்டேன்.

தீவுப்பகுதியிலுள்ள முதியவர் ஒருவர் அதனைப் பார்த்து இரண்டு பரப்பில் வெங்காயம் நட்டார். நாள் செல்லச் செல்ல இலைநுனிகள் கருகின. நீர் போதவில்லை என எண்ணி, இயந்திரத்தால் மேலும் அதிக நேரம் இறைத்தார். இறைக்க இறைக்கக் கிணற்று நீர் உவர்த்தது. பயிர் மேலும் கருகியது. ஈற்றில் வெங்காயமும் போயிற்று. வீட்டுக்குக் குடிநீர் தந்த கிணறும் மாரி மழை வரும் வரை பயன்படாமற் போயிற்று. அதே ஊற்றை நம்பியிருந்த பக்கத்து வீட்டாரும் இடர்ப்பட்டனர்.

நான் அங்கு சென்றபோது அவர் என்னைக் கோபித்துக் கொள்ளவில்லை. "தம்பி, நீங்கள் சொன்னபடியால்தானே நட்டனான். எங்கட கிணத்தை நீங்கள் பாக்கேல்லையே" என்று மாத்திரம் சொன்னார். அச்சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

கிணறு உவர்த்ததன் காரணம்

நம் தீவுகளின் அடியிற் சுண்ணக்கல் உண்டு. மழைநீர் அதனூடே இறங்கி, கனமான கடல்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளரின் கணக்கு. ஆகவே மேல்மட்டம் சிறிது தாழ்ந்து, அந்நிலையிலேயே நீடித்தாலும், கீழிருக்கும் உவர்நீர் பல மடங்கு உயர்ந்து வரும். இயந்திரத்தால் ஒரேயடியாக இறைக்கும்போது நேர்வது இதுவே.

வெங்காயமோ உப்பைத் தாங்காத பயிர். உலக உணவு விவசாயத் தாபனம் வெளியிட்ட அளவின்படி, பாசன நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.8 டெசிசீமனைத் தாண்டினால் வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய் ஏறக்குறைய 1.0 வரை தாங்கும். பீற்றூட் வேரூன்றி வளர்ந்தபின் 2.7 வரை தாங்கும். எனவே ஒரு கிணற்றுக்கு ஏற்ற பயிர் மற்றொரு கிணற்றுக்கு ஏற்றதாகாது. என் காணொளியிற் பிழையான சொல் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதே பிழையாயிற்று.

பிறநாட்டு அனுபவம்

இந்தியாவிற் பெங்களூரில் 2006ஆம் ஆண்டு டிஜிற்றல் கிறீன் என்னும் முயற்சி தொடங்கிற்று. அந்தந்த ஊர்க் கமக்காரரையே படம்பிடித்து, அவரைப் போன்ற அயலூர்க் கமக்காரருக்குக் காட்டுவதே அதன் முறை. கர்நாடகத்தில் 16 கிராமங்களில் 13 மாதங்கள் நடத்திய பரிசோதனையில், வழக்கமான விரிவாக்க முறையிலும் பார்க்க ஏறக்குறைய 7 மடங்கினர் சில புதிய முறைகளைக் கைக்கொண்டனர். பார்த்தவர்கள் முதலிற் கேட்டவை, படத்திலுள்ள கமக்காரரின் பெயர் என்ன, அவர் எந்த ஊர் என்பவையே. சொல்பவர் தம்மைப் போன்றவரா, தேவையெனின் நேரிற் சென்று விசாரிக்கக் கூடியவரா என்பதை அறிந்த பின்னரே அவர்கள் ஏனையவற்றைக் கேட்டனர்.

புதுச்சேரிக் கரையோரத்தில் நிகழ்ந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு அங்கு கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கிற்று. அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து அலைகளின் உயரத்தை அறிந்து, மீனவருக்கு ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தனர். சொன்ன உயரம் சரியா என்பதை மீனவர் கடலிலேயே கண்டுகொண்டனர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, சிங்கப்பூரில் வேலை செய்த நல்லவாடு கிராமத்தவர் ஒருவர் ஆழிப்பேரலையைப் பற்றிக் கேள்வியுற்று ஊருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். ஊரவர் அந்நிலையத்தின் ஒலிபெருக்கியில் உடனே எச்சரித்தனர். ஏறக்குறைய 3,600 மக்கள் உயிர் தப்பினர். நாள்தோறும் சிறிய செய்தியைச் சரியாகச் சொல்லி வந்த குரல், பெரிய ஆபத்து வந்த நாளில் ஐயமின்றி நம்பப்பட்டது.

கைக்கொள்ள வேண்டியவை

காணொளியோ குறிப்போ வெளியிட விரும்பும் கமக்காரர்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. இடத்தையும் காலத்தையும் முதலிற் கூறுக. ஊர், மண்ணின் வகை, கிணற்று நீரின் உவர்த்தன்மை, நட்ட திகதி ஆகியவை தொடக்கத்திலேயே இடம்பெறல் வேண்டும். வேலணையிற் பொருந்துவது நெடுந்தீவிற் பொருந்தாமற் போகலாம்.

2. அளவைக் கூறுக. "கொஞ்சம் பசளை" என்பது பயனற்ற சொல். எத்தனை பரப்பு, எத்தனை கிலோ விதை, எவ்வளவு பசளை, எத்தனை நாளுக்கொரு முறை இறைப்பு, எவ்வளவு செலவு என்பவற்றைக் கூறுக.

3. ஒரே பாத்தியை ஒரே இடத்தில் நின்று, நடுகை முதல் அறுவடை வரை பலமுறை படம்பிடிக்குக. செழித்த நாளை மாத்திரம் காட்டுவது விளம்பரமாகுமேயன்றிப் போதனையாகாது.

4. தோல்வியை மறையாதீர்கள். பூச்சி விழுந்ததையும் விளைச்சல் குறைந்ததையும் காட்டுவோரின் வெற்றியையே மக்கள் நம்புவர்.

5. மருந்து, விதை, இயந்திரம் ஆகியவற்றைப் புகழ்வதற்கு எவரிடமிருந்தேனும் பணமோ பொருளோ பெற்றிருந்தால் அதனை வெளிப்படையாகச் சொல்லுக.

6. அறியாததை அறியேன் எனக் கூறுக. கேள்விக்கு ஊகித்து மறுமொழி கூறற்க. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலோ பகுதிப் போதனாசிரியரிடமோ கேட்டறிந்து, பின்னர் மறுமொழி கூறுக.

7. தவறு நேர்ந்தால் அதனை அழித்துவிட்டு ஒதுங்காதீர்கள். முன்னர் பார்த்தவர்களுக்கும் எட்டுமாறு, அவ்விடத்திலேயே திருத்தத்தைச் சேர்த்திடுக.

ஒடியல், பனங்கட்டி முதலிய பனம்பொருள்களை இவ்வழியாக விற்போருக்கும் இவை பொருந்தும். செய்த திகதி, நிறை, விலை, அனுப்பும் நாள் ஆகியவற்றை உள்ளவாறு கூறுவோரிடமே கொழும்பிலும் வெளிநாடுகளிலும் உள்ள உறவினர் மீண்டும் மீண்டும் வாங்குவர்.

பின்னர் நிகழ்ந்தது

என் பழைய காணொளியின் தலைப்பிலேயே "நன்னீர்க் கிணறுகளுக்கு மாத்திரம்" எனச் சேர்த்தேன். அம்முதியவரின் சம்மதத்துடன் அவருடைய கிணற்றடியிலேயே அடுத்த காணொளியை எடுத்தோம். நீரின் மின்கடத்துதிறனை அளந்து காட்டினோம். காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக இறைத்து, அரைப் பரப்பில் மாத்திரம் அவர் பயிர் செய்ததையும், முதற்போகத்தில் இழந்ததையும் அவர் வாயாலேயே கூறச் செய்தோம். முந்திய காணொளியைப் பார்த்தவர்களிற் சிறு பகுதியினரே இதனைப் பார்த்தனர். ஆனால் பின்னர் என்னை அழைத்தவர்கள், "என்ன மருந்து அடிப்பது?" என்று தொடங்கவில்லை. "என் கிணற்றை அளந்து தருவீர்களா?" என்றே கேட்டனர். அம்முதியவரின் வீட்டுக்கும் சிலர் நேரிற் சென்று விசாரித்தனர்.

காணொளி எடுக்க விரும்பும் கமக்காரர், மாரி மழைக்கு முன்னர் ஒரு பாத்தியைத் தெரிந்து, முதலிற் கிணற்று நீரை அளப்பித்துக் கொள்ளுதல் நலம். அவ்வளவையும் திகதியையும் ஒரு பலகையில் எழுதிப் பாத்தியருகே நாட்டி, அதனையே முதற்படமாக எடுக்குக. நீர் அளப்பதற்கும் ஏனைய ஆலோசனைகளுக்கும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.